தண்டவாளம் போன வழியில், அம்மாவும் நானும்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் மலைநாட்டில் சைக்கிள் மிதித்தே ஊர் ஊராகப் போக முடியுமா? முடியும். பாதை ரயிலுக்காகப் போடப்பட்டதாக இருந்தால் முடியும்.

ரயில் எஞ்சினுக்கு மேடு ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் ரயில்பாதை போட்டவர்கள் மலை வந்த இடத்தில் குடைந்தார்கள், பள்ளம் வந்த இடத்தில் கரை எழுப்பினார்கள், ஆறு குறுக்கிட்டால் பாலம் கட்டினார்கள். நூறடி போனால் ஓரடி, மிஞ்சினால் இரண்டடி ஏற்றம். மண்வெட்டியும் வெடிமருந்தும் கையுமாக ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளிகள் செய்த வேலை அது. ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தச் சமதளம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் போனால் முழங்கால் வலிக்காது.

நான் இருப்பது இங்கிலாந்தின் டெர்பியில். வடக்கே கொஞ்ச தூரம் போனால் பீக் டிஸ்ட்ரிக்ட். 1951-இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அதுதான். பூங்கா என்றதும் வேலி போட்ட காடு என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஊர்கள் உண்டு, ஆட்டுப்பட்டிகள், பால் மாடுகள், கல்குவாரிகள் எல்லாம் உண்டு. தெற்குப் பாதி சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம். அதைக் கிழித்துக்கொண்டு ஆறுகள் ஓடும் ஆழமான பள்ளத்தாக்குகள். வடக்கே போகப் போகக் கறுத்த மணற்கல்லும் சதுப்புமாக நிலம் மாறிவிடும். நாங்கள் சுற்றியது தெற்குப் பாதியில்.

நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர், கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று, எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகிய காலம் அது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். அம்மாவும் அப்படித்தான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. முன்னால் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார். அந்தக் கம்பியின் குளிர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு கோடைக்கு அம்மா இங்கே வந்தபோது, குறுக்குக் கம்பி இல்லாத பழைய சைக்கிள் ஒன்றை அவருக்காக வாங்கினேன். முதலில் பழக்கத்துக்கு ஆஷ்போர்னிலிருந்து புறப்படும் டிசிங்டன் பாதைக்குக் கூட்டிப்போனேன். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை சுமார் 21 கிலோமீட்டர். 1899-இல் திறந்த ரயில்பாதை, 1960-களில் முழுவதும் மூடிவிட்டார்கள். தேசியப் பூங்கா நிர்வாகம் நிலத்தை வாங்கி 1971-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் திறந்துவிட்டது. நாட்டில் முதன்முதலில் இப்படி மாற்றப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆஷ்போர்ன் முனையில் ரயிலுக்காகக் குடைந்த ஒரு குகை இருக்கிறது. உள்ளே நீராவி ரயில் வரும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். அம்மா சட்டென்று சைக்கிளை விட்டு இறங்கிச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். புதுக்கோட்டையில் ரயில்வே லைன் ஓரமாக நடந்து பழகிய கால்கள், சத்தம் கேட்டால் ஒதுங்கத்தான் செய்யும். டிசிங்டன் வரை மெல்லிய ஏற்றம், திரும்பும்போது பெடலே மிதிக்க வேண்டாம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், "இன்னும் நீளமா எங்க போகலாம்?" என்று கேட்டார்.

அப்புறம்தான் பெரிய சுற்றைத் திட்டமிட்டோம். டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு குரோம்ஃபோர்டில் இறங்கினோம்.

குரோம்ஃபோர்டில் ஒரு பஞ்சாலை இருக்கிறது. 1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணீர் விசையில் பருத்தி நூற்கத் தொடங்கிய இடம். உலகமெங்கும் எழுந்த நூற்பாலைகளுக்கு முன்மாதிரி இதுதான். கோயம்புத்தூரும் ராஜபாளையமும் பிழைக்கும் பிழைப்புக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. ஆனால் அன்று நாங்கள் அங்கே அதிகம் நிற்கவில்லை. மேலே ஏற வேண்டியிருந்தது.

குரோம்ஃபோர்ட் – ஹை பீக் ரயில்பாதை மற்ற ரயில்பாதைகளைப் போன்றதல்ல. 1830, 31-இல் திறந்தது, எஞ்சின் வண்டிகள் எல்லா இடத்துக்கும் வந்து சேராத காலம். இரண்டு கால்வாய்களை மலைமேல் வழியாக இணைக்க வேண்டும். மேட்டுநிலத்தில் கால்வாய் வெட்டினால் தண்ணீர் நிற்காது, சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும். அதனால் ரயில். ஆனால் பொறியாளர் ஜோசியாஸ் ஜெசப் அதைக் கால்வாய் வெட்டுபவரின் மனதோடுதான் அமைத்தார்: நீளமான சமதளம், பிறகு ஒரே தூக்காகத் தூக்கும் செங்குத்துச் சரிவு, மறுபடி சமதளம். சரிவுகளின் உச்சியில் நீராவி எஞ்சினை நிலையாக நிறுத்திவைத்து, பெட்டிகளைச் சங்கிலியிலும் கம்பிவடத்திலும் கட்டி இழுத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 84 மீட்டரில் தொடங்கும் பாதை அதன் உச்சத்தில் 386 மீட்டரைத் தொட்டது.

நாங்கள் அந்தச் சரிவுகளின் அடியில் நின்றோம். எட்டடிக்கு ஓரடி ஏற்றம். இதில் யாரும் மிதித்து ஏற மாட்டார்கள். பைகளைக் கட்டிய சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே போனோம். கொஞ்சதூரம் ஏறியதும் இடப்பக்கம் ஒரு குழி, அதற்குள் நொறுங்கிய பெட்டி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. 1888-இல் கட்டு அறுந்த பெட்டிகள் இந்தச் சரிவில் கட்டுக்கடங்காமல் இறங்கி, கீழே இருந்த கால்வாயையும் இரட்டை ரயில்பாதையையும் தாண்டிப் போய் வயலில் விழுந்தனவாம். அதற்குப் பிறகு, அறுந்து வரும் பெட்டிகளைத் திருப்பிவிட்டுப் பிடிப்பதற்காக வெட்டிய குழி இது. அம்மா குழியைப் பார்த்துவிட்டு மேலேயும் பார்த்தார். "பிரேக்க விடாதே தாயி" என்று என்னிடம் சொன்னார். சொன்னவர் தன் சைக்கிளைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரிவின் உச்சியில் மிடில்டன் டாப். 1829-இல் செய்த எஞ்சின் அதன் வீட்டுக்குள் அதே இடத்தில் இருக்கிறது. 1963 வரை வேலை செய்திருக்கிறது. சாய்ந்து சாய்ந்து ஆடும் பெரிய இரும்பு உத்திரங்கள் கொண்ட எஞ்சின், வெளியே உயரமான செங்கல் புகைபோக்கி. தன்னார்வலர்கள் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று அது ஓடவில்லை. வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். இந்த மலையை இந்த எஞ்சின் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "கரி அள்ளிப் போட்டவன் இழுத்தான்னு சொல்லு" என்றார். சரிதான்.

அங்கிருந்து மேற்கே மேட்டுநிலம். நடுவில் ஹாப்டனில் பதினாலுக்கு ஒன்று ஏற்றம் ஒன்று குறுக்கிடும். கம்பிவடம் இல்லாமல் எஞ்சின் வண்டிகள் தாமே ஓடி ஏறிய பிரிட்டன் பாதைகளில் மிகச் செங்குத்தானது என்பார்கள். அதில் இறங்கித் தள்ளினோம். அதற்குப் பிறகு பார்ஸ்லி ஹே வரை சமதளம்.

இந்தச் சமதளத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் நேரம் வேண்டும், ஏனென்றால் சுற்றிலும் எதுவும் சமமாக இல்லை. பக்கத்துச் சாலைகள் விழுந்து எழுந்து போகின்றன. மேய்ச்சல் நிலங்கள் சாய்ந்து கிடக்கின்றன. நாங்கள் மட்டும் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் நிலத்துக்கு மேலே உயரமான கல் கரையில், அடுத்த இடத்தில் பாறையை வெட்டிய சந்துக்குள். கரையில் காற்று அறையும், வெட்டுக்குள் போனதும் காற்று நின்றுவிடும், பாறைச் சுவரில் ஈரமும் பெரணியும் இருக்கும். மின்னிங்லோ என்ற குன்று உச்சியில் மரங்களோடு நெடுந்தூரம் கூடவே வந்தது. அதன் தலையில் இருப்பவை வரலாற்றுக்கு முந்திய ஈமக் கல்லறைகள். அதைச் சுற்றிப் போகும் ரயில் கரையில் சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் கட்டிய சுவர் இரண்டாள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் காத்தம் வளைவு. ஐம்பது மீட்டர் ஆரத்தில் பாதை கிட்டத்தட்ட செங்கோணத்துக்குத் திரும்பும். பிரிட்டிஷ் ரயில்பாதைகளிலேயே மிகக் குறுகலான வளைவு. சைக்கிளில் போகும்போதே உடம்பு சாய்கிறது, நீளமான சரக்கு வண்டி எப்படித் திரும்பியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அம்மா கண்ணில் பட்டது வேறு. வயல் வரப்பெல்லாம் சுவர்கள். கைக்கு எட்டும் உயரம், மேட்டையும் பள்ளத்தையும் தாண்டிக் கண்ணுக்கெட்டியவரை போகின்றன. ஒரு சுவர் இடிந்த இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பெரிய கல் முகம், நடுவில் சில்லுக் கல் நிரப்பல், அங்கங்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்கே நீளும் பிடிகல். சாந்து கிடையாது. குவாரிப் பெண்களோடு பழகியவர் ஆதலால் ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நம்மூரு கல்லு இப்படிப் படியாது, கருங்கல்லுக்கு முகம் கெடையாது, ஒடச்சாத்தான் முகம்" என்றார். இந்தச் சுண்ணாம்புக் கல் பாளம் பாளமாகப் பிளப்பது, அதனால்தான் இப்படி அடுக்க முடிகிறது. நான் எத்தனையோ முறை பார்த்துக் கடந்த சுவர். நின்று பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றையும் அவர்தான் கேட்டார். இவ்வளவு பச்சையாக இருக்கிறது, ஓர் ஓடைகூட இல்லையே? இல்லைதான். பெய்யும் மழை பாறை வெடிப்பு வழியே கீழே போய்விடுகிறது. இந்த ரயில்பாதை ஓடிய காலத்தில், கீழிருந்து தண்ணீர்த் தொட்டி வண்டிகளில் மேலே இருந்த பண்ணைகளுக்கும் குவாரிகளுக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

பார்ஸ்லி ஹேயில் இரண்டு பாதைகளும் சேர்கின்றன. பழைய ஸ்டேஷன் இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக் கடையும் டீக்கடையும். இங்கே கையால் சுற்றும் சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சைக்கிள் என்று உடல் ஒத்துழைக்காதவர்களுக்கான வண்டிகளும் வாடகைக்கு உண்டு. ஒரு வயதான கணவனும் மனைவியும் அப்படி ஒன்றில் எங்களைக் கடந்து போனார்கள். அந்த அம்மையாரின் கால்கள் அசையவில்லை, கணவர்தான் மிதித்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். இந்த வண்டியை எந்தக் கிராமச் சாலையிலும் ஓட்ட முடியாது. இங்கே ஓட்டலாம். பாதை என்று ஒன்றை அரசு பணம் போட்டுக் காப்பாற்றுவது எதற்கு என்று யாராவது கேட்டால், நான் இந்த இருவரைத்தான் காட்டுவேன்.

இரவு ஹார்ட்டிங்டனில், பழைய ஜமீன் மாளிகை ஒன்றில் நடக்கும் யூத் ஹாஸ்டலில் தங்கினோம். பாதையிலிருந்து ஊருக்குள் இறங்க வேண்டும், காலையில் மறுபடி ஏற வேண்டும். அது ஒன்றுதான் வருத்தம். காலைச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்து ஓட்கேக் கிடைத்தது. ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றிச் சுடுவது, தோசையேதான், உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருகிறார்கள். அம்மா சீஸை ஒதுக்கிவிட்டு, கொண்டுவந்திருந்த இட்லிப்பொடியைத் தூவிச் சாப்பிட்டார்.

அடுத்து மேனிஃபோல்டு பள்ளத்தாக்கு. ஹார்ட்டிங்டனிலிருந்து சற்றுத் தூரத்தில் ஹல்ம் எண்ட் என்ற சிற்றூர், அங்கே தொடங்கி வாட்டர்ஹவுசஸ் வரை சுமார் 13 கிலோமீட்டர். இதைத்தான் எல்லாவற்றிலும் அதிகம் விரும்பினேன். 1904-இல் திறந்த குறுகிய பாதை ரயில், தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். அமைத்தவர் எவரார்ட் கால்த்ராப். இவர் இதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வேயை அமைத்தவர். அங்கே கற்ற வித்தையை இங்கே கொண்டுவந்தார். எஞ்சினின் முகப்பில் பெரிய விளக்கு, மஞ்சள் வண்ணப் பெட்டிகள். பழைய புகைப்படத்தைப் பார்த்தால் ஆங்கிலேயக் கிராமத்துக்குள் இந்திய ரயில் வழிதவறி வந்ததாகத் தோன்றும். முக்கியமான சரக்கு பால். லாரி வந்ததும் பால் லாரிக்குப் போய்விட்டது, 1934-இல் ரயில் நின்றது. அகல ரயில்பாதைகள் மூடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1937-இல், ரயில் கம்பெனி இந்த நிலத்தை ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுண்டி நிர்வாகத்திடம் கொடுத்து நடைபாதையாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த பாதைகளுக்கெல்லாம் இது மூத்தது.

பாதை முழுக்கத் தார் போட்டது. ஆறு கூடவே வரும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வெட்டன் மில் வரை வந்தது. அதற்குக் கீழே ஆற்றுப் படுகை மட்டும் இருந்தது, வெள்ளைக் கற்களும் அகன்ற இலைச் செடிகளுமாக, சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடையில் மேனிஃபோல்டு ஆறு பாறைக்குள் இறங்கி, பல கிலோமீட்டர் தள்ளி ஐலம் என்ற ஊரில் வெளியே வரும். வெள்ளாறு காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கே போயிற்று என்று தெரிந்த ஆற்றை அம்மா அன்றுதான் பார்த்தார். நெடுநேரம் பாலத்தின்மேல் நின்றார்.

மேலே பாறை முகத்தில் தார் குகை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கற்கால மனிதர் புழங்கிய இடம். ஏறிப் பார்க்கலாம், செங்குத்தான ஏற்றம், நாங்கள் கீழிருந்தே பார்த்துக்கொண்டோம். இன்னொரு குகை, மனிதர் குடைந்தது, ஸ்வெயின்ஸ்லியில் வருகிறது. தாமஸ் வார்டில் என்ற பட்டுச் சாயக்காரர் தம் மாளிகையிலிருந்து ரயில் கண்ணில் படக்கூடாது என்றதால் குடைந்தது என்று சொல்வார்கள். இந்தியக் காட்டுப் பட்டுக்குச் சாயம் ஏற்றுவதில் பெயர் எடுத்தவர் இவர். அந்தப் பகுதியில் மட்டும் பாதையைக் கார்களும் பயன்படுத்துகின்றன, குகைக்குள்ளும். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே கவனமாக இருக்க வேண்டும். நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாகப் போனோம், எதிரே வந்த கார் நின்று வழிவிட்டது.

அடுத்த பழைய ரயில்பாதையான மொன்சல் பாதைக்குப் போக, சாலையில் இறங்க வேண்டியிருந்தது. மோனியாஷ் ஊர் வழியாகப் பேக்வெல். மோனியாஷ் ஊருக்கு நடுவே ஓர் ஊருணி இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் நிற்காத மேட்டில் இந்த இடத்தில் மட்டும் களிமண் படிந்திருப்பதால் நீர் தங்கியது, அதனால்தான் அங்கே ஊரே உண்டானது. முன்பு இன்னும் சில ஊருணிகள் இருந்தனவாம், இப்போது மிஞ்சியது ஒன்று. பேக்வெலுக்கு இறங்கும் சாலையில்தான் அம்மா முதன்முறையாகக் களைத்தார். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போயிற்று. கார்கள் உரசிக்கொண்டு போயின. போதாக்குறைக்கு வேலி முள் குத்தி என் பின் டயர் பஞ்சர். சாலையோரம் புல்லில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டியூபைக் கழற்றினேன். அம்மா உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுப் போட்டார். அறிவொளிக்காலத்தில் பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

பேக்வெலில் ஊர் பெயரைத் தாங்கிய பாதாம் இனிப்பு கிடைக்கும், ஒவ்வொரு கடையும் தன்னுடையதே அசல் என்று எழுதிப் போட்டிருக்கிறது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மொன்சல் பாதையில் ஏறினோம்.

மொன்சல் பாதை 13.7 கிலோமீட்டர். லண்டனையும் மான்செஸ்டரையும் இணைத்த மெயின் லைன், 1863-இல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தது, 1968-இல் மூடப்பட்டது. வந்தபோது ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தெழுந்தார். காந்திக்குப் பிடித்த அதே ரஸ்கின்தான். பக்ஸ்டனிலிருக்கும் முட்டாள்கள் அரைமணியில் பேக்வெல் போகவும், பேக்வெல் முட்டாள்கள் பக்ஸ்டன் வரவும் ஓர் அழகான பள்ளத்தாக்கை வெடிவைத்துத் தகர்த்துவிட்டீர்கள் என்று எழுதினார். அவர் வெறுத்த அந்த லைனுக்காகக் கட்டிய ஐந்து வளைவுப் பாலம் இப்போது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், அதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

ஹெட்ஸ்டோன் குகையிலிருந்து வெளியே வந்ததும் பாலம்தான். குகைக்குள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர், பகல் முழுக்க விளக்கு எரியும், கோடையிலும் குளிரும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். வெளியே வந்த கணம் காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு மொத்தமும் திறக்கிறது. வை ஆறு வளைந்து போகிறது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "ஏ தாயி, இம்புட்டு ஒசரத்துலயா வந்துட்டோம்?" என்றார். ஏறிய நினைவே அவருக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொன்சல் பாதை 1981-லேயே திறந்தது. ஆனால் பெரிய குகைகள் பூட்டிக் கிடந்தன, பாதுகாப்பு இல்லை என்று. நடப்பவர்கள் ஒவ்வொரு குகை வாயிலிலும் பாதையை விட்டு விலகி, மலை ஏறி இறங்கி அடுத்த பக்கம் சேர வேண்டும். சைக்கிளோ சக்கர நாற்காலியோ போக வழியே இல்லை. 2011 மே மாதம் குகைகளைச் சீர்செய்து விளக்குப் போட்டுத் திறந்தார்கள். முப்பது ஆண்டுகள். அத்தனை காலமும் பாதை இருந்தது, ஆனால் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு இல்லை. ரயில்பாதையில் நடுவே நூறு கஜம் அறுந்துபோனாலும் மீதி முழுவதும் வீண். பேக்வெலுக்குத் தெற்கே இன்றும் அப்படித்தான் பாதை அறுந்து நிற்கிறது, மேட்லாக் வரை போக முடிவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த லைன் மூடப்பட்டதால் பக்ஸ்டனிலிருந்து டெர்பிக்கு நேர் ரயில் கிடையாது, வடக்கே ஸ்டாக்போர்ட் போய்ச் சுற்றி வர வேண்டும். மறுபடி இங்கே ரயில் விட வேண்டும் என்று ஓர் இயக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. சைக்கிள்காரர்கள் பலருக்கு அது பிடிக்காது. எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. ஒன்று மட்டும் உறுதி: நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல், குகைகளை இடியவிடாமல் வைத்திருந்ததால்தான் இந்தச் சண்டையே போட முடிகிறது. விற்றிருந்தால் ரயிலும் இல்லை, சைக்கிளும் இல்லை.

கிரெஸ்புரூக், லிட்டன் குகைகளைத் தாண்டும்போது கீழே ஆற்றங்கரையில் இரண்டு பழைய பஞ்சாலைகள் தெரியும். இப்போது வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். லிட்டன் ஆலைக்கு லண்டன் ஆதரவற்றோர் விடுதிகளிலிருந்து குழந்தைகளை ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்து அடைத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் பிளிங்கோ பெரியவரானபின் பட்ட அடியையும் பட்டினியையும் சொல்ல, அது 1830-களில் புத்தகமாக வந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சுமங்கலித் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துப்போனது, அவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்த வீடுகளிலிருந்தும் சிலர் போனது, ஒருத்தி விரல் போய்த் திரும்பியது. மில்லர்ஸ் டேல் வரை அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். நான் மெதுவாக மிதித்தேன்.

மில்லர்ஸ் டேலுக்கு முன்னால் பாதையோரம் சுண்ணாம்புக் காளவாசல், பெரிய கான்கிரீட் முட்டுகளோடு மலையில் சாய்ந்து நிற்கிறது. 1880 முதல் 1944 வரை எரிந்தது. மேலே இருந்து கல்லும் கரியும் கொட்டி, கீழே நீற்றாத சுண்ணாம்பை வாரி எடுத்து நேரே ரயிலில் ஏற்றுவார்களாம். வாரி எடுத்தவர்களுக்கு முகமூடியும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. அம்மா வாயிலுக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

மில்லர்ஸ் டேல் ஒரு காலத்தில் ஐந்து பிளாட்பாரம் கொண்ட ஜங்ஷன். பிளாட்பாரங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய சரக்குக் கொட்டகையைப் புதுப்பித்திருக்கிறார்கள், டீ கிடைக்கிறது. பிளாட்பார விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து அம்மா தன் அறிவொளித் தோழிகளை வீடியோவில் கூப்பிட்டார். கைப்பேசியை நீட்டிப் பாதையைக் காட்டினார். அதில் ஒரு அத்தை, "லாரியே வராதா? ஒண்ணுகூடவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வராது என்று அம்மா சொல்லச் சொல்ல அவர் நம்பவில்லை. எதிரே ஒரு குடும்பம், கடைசியில் துணைச்சக்கரம் போட்ட குட்டி சைக்கிளில் ஒரு பெண் குழந்தை வந்தது. அதைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பாதை முடியும் பிளாக்வெல் மில் வரை போய், திரும்பிப் பேக்வெல் வந்தோம். திரும்பும் வழி இறக்கம். என் கணவர் காரோடு காத்திருந்தார்.

பெற்றோரை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் வேண்டாம், மேனிஃபோல்டு தவிர மற்றதெல்லாம் கெட்டிப்படுத்திய சரளை. கியர் உள்ள, காலைத் தூக்கிப் போடாமல் ஏறும் சைக்கிளாக இருக்கட்டும். ஆஷ்போர்னிலும் பார்ஸ்லி ஹேயிலும் மொன்சல் பாதையில் ஹாசப்பிலும் வாடகைக்குக் கிடைக்கும். வெயில் நாளிலும் கழுத்துக்கு ஒரு துணி, காதை மூட ஒன்று, குகைக்குள் ஒரு ஸ்வெட்டர். சரிவுகளைத் தள்ளி ஏற விருப்பமில்லாதவர்கள் குரோம்ஃபோர்டை விட்டுவிட்டு மிடில்டன் டாப்பிலேயே காரை நிறுத்தித் தொடங்கலாம். டிசிங்டனில் மே மாதவாக்கில், ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிக் கிணறுகளுக்குப் பூ இதழ்களால் அலங்காரம் செய்வார்கள். களிமண் பலகையில் ஒவ்வோர் இதழாகப் பதித்து, தண்ணீருக்கு நன்றி சொல்லும் வழக்கம். அந்த வாரம் போகிறவர்கள் கூட்டத்துக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள், தங்குமிடத்தையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.